மெய்யைப் பார்த்தால் குறில் தெரியும்

ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதும் நம் பெயர்ப்பலகைகளைச் சற்று உற்றுப் பார்த்தால் ஒரு விசித்திரம் தென்படும். பென், பின், பஸ் மூன்றையும் குறிலால் எழுதுகிறோம். பேங்க், ஃபேன், கேஷ் என்று வரும்போது கை தானாக நெடிலுக்குப் போய்விடுகிறது. டாக்டர், பாக்ஸ், ஷாப் ஆகியவற்றிலும் அப்படியே, ஆகாரம். ஆனால் ஆங்கிலப் பாடநூல் இந்த ஐந்து உயிரொலிகளையும் ஒரே வகையில் சேர்த்து, ஐந்துக்கும் குறில் என்றே பெயர் வைத்திருக்கிறது. தமிழ்க் காது அவற்றில் இரண்டை நெடிலாகக் கேட்கிறது. காது பிழை செய்யவில்லை, பாடநூலும் பொய் சொல்லவில்லை. ஆங்கிலத்தில் குறில் என்ற பெயர் ஒலிக்கும் நேரத்தை அளந்து இன்று வைத்த பெயரன்று. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு அளவு சரியாக இருந்த காலத்தில் ஒட்டிக்கொண்ட பெயர் அது. அளவு போனபின் அந்த ஒலிகளை வாசகர் எப்படி இனங்கண்டார்கள் என்பதற்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. அந்த வரலாறு முழுக்க ஒன்றையே காட்டுகிறது: ஆங்கில எழுத்துமுறை குறிலுக்கான அடையாளத்தை உயிரெழுத்தின் மேல் வைக்கவில்லை, அதற்குப் பின்னால் வரும் மெய்யில் வைத்தது. உயிரெழுத்தின் மேலேயே குறியிட முயன்ற அறிஞர்கள் நூற்றாண்டுதோறும் வந்தார்கள், நூற்றாண்டுதோறும் தோற்றார்கள்.

பழைய ஆங்கிலத்தில், அதாவது நார்மானியர் 1066இல் இங்கிலாந்தைப் பிடிப்பதற்கு முன் வழங்கிய மொழியில், குறிலும் நெடிலும் தமிழில் உள்ளபடியே இருந்தன. ஒலி ஒன்று, கால அளவு இரண்டு. தொல்காப்பியர் கண்ணிமைக்கும் நேரத்தையும் விரல் நொடிக்கும் நேரத்தையும் வைத்து மாத்திரை சொன்னாரே, அந்தக் கணக்கு அந்த மொழிக்கும் அப்படியே பொருந்தும். 'இஸ்' என்றால் இருக்கிறது. 'ஈஸ்' என்றால் பனிக்கட்டி. 'கொட்' என்றால் கடவுள். 'கோட்' என்றால் நல்லது. இரண்டையும் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே எழுத்தால்தான் எழுதினார்கள். லத்தீன் எழுத்துகளைக் கடன் வாங்கியவர்கள், லத்தீனிலும் குறில் நெடிலுக்குத் தனி எழுத்து இல்லாததால், அந்தக் குறையையும் சேர்த்தே வாங்கிக்கொண்டார்கள். சில சுவடிகளில் நெடிலின் மேல் சிறு கீற்று போட்டிருக்கிறார்கள், ஆனால் அது ஒழுங்கான வழக்கமாக நிலைக்கவில்லை. இதைக் கண்டு நாம் பெருமூச்சு விட வேண்டியதில்லை. ஓலைச்சுவடித் தமிழிலும் எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் இதே நிலையில்தான் கிடந்தன. குறிலுக்குப் புள்ளி வைக்க வேண்டும் என்று தொல்காப்பியம் விதித்திருந்தும், ஓலையில் புள்ளி குத்தினால் கிழியும் என்று எழுதுகிறவர்கள் அதை விட்டுவிட்டார்கள். படிக்கிறவர் இடம் பார்த்துக் குறிலா நெடிலா என்று முடிவு செய்துகொண்டார்.

தமிழில் ஒலி மாறவில்லை. ஆங்கிலத்தில் மாறியது. ஏறத்தாழ 1400 முதல் 1700 வரை ஆங்கில நெடில்கள் ஒன்றன்பின் ஒன்றாக இடம் பெயர்ந்தன. ஓட்டோ எஸ்பர்சன் என்ற டென்மார்க் மொழியியலார் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதற்கு 'பெரும் உயிரொலிப் பெயர்ச்சி' என்று பொருள்படும் பெயரைக் கொடுத்தார். 'ஈஸ்' ஐஸ் ஆயிற்று. 'ஹூஸ்' ஹவுஸ் ஆயிற்று. 'ஃபேட்' என்ற பாதங்கள் ஃபீட் ஆயின, 'மோன' என்ற நிலா மூன் ஆயிற்று. பெயரைக் குறித்த 'நாம' நேம் ஆயிற்று. இந்தப் பெயர்ச்சியின் தடயத்தை நம் பிள்ளைகள் தினமும் ஒப்பிக்கிறார்கள். ஆங்கில உயிரெழுத்துகளின் பெயர்களான ஏ, ஈ, ஐ ஒரு காலத்தில் ஆ, ஏ, ஈ என்றே இருந்தவை. ஐரோப்பாவின் மற்ற மொழிகள் பலவற்றில் இன்றும் அப்படித்தான். ஆக, இடம் பெயர்ந்தவை நெடில்கள். குறில்களோ பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருந்தன. ஷிப், ஃபிஷ், பெட், மென் ஆகிய சொற்களின் உயிரொலி ஆயிரம் ஆண்டுக்கு முன் இருந்ததிலிருந்து அதிகம் விலகவில்லை. விளைவு என்ன? பழைய இணைகள் பிரிந்துவிட்டன. பின் என்பதற்கு நெடில் பீன் என்று காதுக்குத் தோன்றினாலும், ஆங்கில எழுத்து அதன் நெடில் பைன் என்கிறது. பெயர்ச்சிக்கு முன் அது உண்மை. எழுத்து அந்தப் பழைய உறவைக் காப்பாற்றி வைத்திருக்கிறது, ஒலி அதைக் கைவிட்டுவிட்டது.

அப்படியானால் குறிலைக் கண்டுபிடிக்க எது துணை? இங்கேதான் மெய் வருகிறது, அதுவும் எவரோ ஏட்டில் விதித்து வரவில்லை, பேச்சிலிருந்து வந்தது. நெடிலுக்குப் பின்னால் இரண்டு மெய்கள் நெருக்கினால் அந்த நெடில் குறுகிவிடும் என்பது பழைய ஆங்கிலத்தின் கடைசிக் காலத்திலேயே செயல்பட்ட ஒலிவிதி. ஃபைவ் என்கிறோம், ஆனால் ஃபிஃப்டீன், ஃபிஃப்டி என்கிறோம். கீப் என்கிறோம், கெப்ட் என்கிறோம். வைஸ், விஸ்டம். கிறைஸ்ட், கிறிஸ்துமஸ். ஒவ்வொரு இணையிலும் முன்னது ஒருகாலத்தில் நெடில், பின்னது அதே நெடில் இரட்டை மெய்யின் அழுத்தத்தில் குறுகியது. அப்புறம் பெயர்ச்சி வந்து நெடிலை மட்டும் இழுத்துக்கொண்டு போனது, குறுகியது தப்பித்தது. இதற்கு எதிர்த்திசையில் ஒரு விதியும் 13ஆம் நூற்றாண்டு வாக்கில் நடந்தது. பின்னால் ஒரே மெய்யும் அதன்பின் ஓர் உயிரும் வந்தால் முன்னிருந்த குறில் நீண்டது. 'நம' என்றிருந்தது 'நாம' ஆனது அப்படித்தான். ஆக, இரண்டு மெய் வந்தால் குறில், ஒரு மெய்யும் உயிரும் வந்தால் நெடில் என்ற நிலை பேச்சிலேயே உருவாகிவிட்டது.

இதை முதலில் எழுத்து விதியாகக் கண்டுகொண்டவர் ஓர்ம் என்ற துறவி. 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லிங்கன்ஷயர் பக்கம் வாழ்ந்தவர் என்று கருதப்படுகிறார். கோயில் வழிபாட்டில் வாசிக்கப்படும் நற்செய்திப் பகுதிகளுக்குச் செய்யுளில் விளக்கம் எழுதினார். தன் பெயரையே நூலுக்கும் வைத்து 'ஓர்முலம்' என்றார். தற்பெருமை என்று சொல்லலாம், ஆனால் அந்தப் பெயர் இல்லாவிட்டால் அவரை நாம் அறிந்திருக்கவே மாட்டோம். ஆக்ஸ்போர்டின் போட்லியன் நூலகத்தில் இருக்கும் அந்த ஒரே பிரதி அவர் கைப்பட எழுதியது. தோல் துண்டுகள் ஒழுங்கற்ற வடிவில், கிடைத்ததையெல்லாம் பயன்படுத்தியதுபோல் இருக்கும். எஞ்சியிருப்பதே ஏறக்குறைய 19,000 வரிகள். கவிதையாக அதைப் போற்றியவர் குறைவு, சலிப்பூட்டும் நூல் என்ற பெயரே அதற்கு நிலைத்தது. ஆனால் ஓர்மின் எழுத்துமுறை ஓர் அதிசயம். அசை மெய்யில் முடிந்து, உயிர் குறிலாக இருந்தால், அந்த மெய்யை அவர் இரட்டித்து எழுதுகிறார். ஆங்கிலம் என்ற சொல்லுக்கே இரண்டு 'என்', இரண்டு 'எஸ்' போடுகிறார். தன் பெயரில் இரண்டு 'ஆர்'. மெய்யை இரட்டிக்க முடியாத இடங்களில் சில சமயம் உயிரின் மேல் குறியும் இடுகிறார். பின்னால் பிரதி எடுப்பவர்கள் இரட்டை எழுத்துகளை விடாமல் எழுத வேண்டும் என்று நூலின் முகப்பிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறார். பொதுமக்கள் முன் உரக்க வாசிக்கப்பட வேண்டிய நூல் என்பதால், வாசிப்பவர் குறிலை நீட்டிவிடக் கூடாது என்பதில் அவருக்கு அவ்வளவு கவலை. நல்லகாலம் அந்தக் கவலை. அக்கால ஆங்கில உயிரொலிகளின் அளவை இன்றைய ஆய்வாளர்கள் அறுதியிடுவதற்கு அவருடைய இரட்டை மெய்களே சாட்சி.

ஓர்ம் செய்தது தமிழ் படித்தவருக்குப் புதிதாக இருக்காது. தனிக்குறிலை அடுத்து நிற்கும் ஒற்று, பின்னால் உயிர் வந்தால் இரட்டும் என்பது நன்னூல் விதி. கல் எறிந்தான் என்பது கல்லெறிந்தான் ஆகும். கால் எடுத்தான் என்பது காலெடுத்தான்தான், அங்கே இரட்டிப்பு இல்லை. ஏனென்றால் கா நெடில். ஆங்கிலத்தில் வின் என்பதிலிருந்து வின்னர் வரும்போது 'என்' இரட்டிக்கும். ஷைன் என்பதிலிருந்து ஷைனிங் வரும்போது இரட்டிக்காது. டின்னருக்கு இரண்டு 'என்', சாப்பாட்டுக் கடையைக் குறிக்கும் டைனருக்கு ஒன்று. சப்பருக்கு இரண்டு 'பி', நம் ஊரில் எல்லார் வாயிலும் புரளும் சூப்பருக்கு ஒன்று. இரு மொழிகளுக்கும் உறவில்லை, ஒன்றிடமிருந்து மற்றொன்று கற்கவும் இல்லை. ஆனாலும் விதி ஒன்றேபோல் அமைந்திருக்கிறது. ஒரு வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும். தமிழில் இரட்டித்த ஒற்று காதில் விழும். ஆங்கிலத்திலும் ஒருகாலத்தில் விழுந்தது. சூரியனுக்கு 'சுன்னெ', மகனுக்கு 'சுனு' என்று இரண்டு சொற்களை மெய்யின் அழுத்தமே பிரித்துக் காட்டியது. நடுக்கால ஆங்கிலம் முடிவதற்குள் இரட்டை மெய்யின் ஒலி மறைந்தது. எழுத்து மட்டும் நின்றது. ஒலியை இழந்த இரட்டை மெய், தனக்கு முன்னால் நிற்கும் உயிர் குறில் என்று சொல்லும் அடையாளமாக மட்டும் வேலை பார்க்கத் தொடங்கியது. சொல்லின் இறுதியில் நின்ற 'ஈ' எழுத்தும் அதே காலத்தில் ஒலி இழந்து, முன்னுள்ள உயிர் நெடில் என்று காட்டும் அடையாளமாக மாறியது.

16ஆம் நூற்றாண்டில் இந்த ஏற்பாட்டைக் கண்டு பொறுக்க முடியாமல் கிளம்பியவர் ஜான் ஹார்ட். அரச மரபுச் சின்னங்களைக் கவனிக்கும் அலுவலகத்தில் செஸ்டர் பட்டத்துடன் பணிபுரிந்தவர். 1569இல் வெளிவந்த அவருடைய எழுத்திலக்கண நூல், ஒலிக்கொரு எழுத்து, எழுத்துக்கொரு ஒலி என்று வாதாடியது. ஒலிக்காத எழுத்து எதற்கு, இரட்டை மெய் எதற்கு என்று கேட்டார். நெடிலைக் காட்ட உயிரெழுத்துக்குக் கீழே ஒரு புள்ளி வைத்தார். தொல்காப்பியம் எகர ஒகரக் குறிலுக்குப் புள்ளி வைத்தது, ஹார்ட் நெடிலுக்கு வைத்தார், அவ்வளவே வேறுபாடு. அவருடைய காது மிகக் கூர்மையானது. உயிரொலிப் பெயர்ச்சி நடந்துகொண்டிருந்தபோதே அதைப் பதிவு செய்த சாட்சி என்று பின்னாளில் எஸ்பர்சன் அவருடைய உச்சரிப்புப் பதிவுக்குத் தனி நூலே எழுதினார். ஆனால் திட்டம் எடுபடவில்லை. 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் பெயரால் அறியப்படும் ஏகார ஓகார வடிவங்கள் தமிழில் நிலைத்தன, அதற்குக் காரணம் உண்டு. தமிழில் எகரமும் ஏகாரமும் ஒரே ஒலியின் இரு அளவுகள், ஒரு சின்னச் சுழியே போதும். ஹார்ட் காலத்து ஆங்கிலத்தில் வைஸ், விஸ்டம் என்ற இரண்டின் உயிர்களும் வேறு வேறு ஒலிகளாகிவிட்டன. ஒலியை மட்டும் பின்பற்றி எழுதினால் தாயும் பிள்ளையுமான சொற்கள் எழுத்தில் அந்நியராகிவிடும்.

ரிச்சர்ட் மல்காஸ்டர் இதை உணர்ந்தவர். லண்டனில் மெர்ச்சன்ட் டெய்லர்ஸ் பள்ளியின் தலைமையாசிரியர், கவிஞர் எட்மண்ட் ஸ்பென்சருக்குப் பாடம் சொன்னவர். 1582இல் வந்த அவருடைய தொடக்கக் கல்வி நூல், புது எழுத்து எதையும் கேட்கவில்லை. இருக்கும் வழக்கத்தில் உள்ள விதியைத் தேடியது. இறுதி 'ஈ' நெடிலைக் காட்டுகிறது, அதை ஒழுங்காகக் கையாளுங்கள் என்றார். நெடிலுக்கு 'ஈ' காவல் நிற்கும்போது, சொல் ஒற்றை மெய்யில் முடிந்தாலே குறில் என்று தெரிந்துவிடுமே, இறுதியில் வீணாக மெய்யை இரட்டிப்பானேன் என்று கேட்டு, அந்நாளில் வழங்கிய தேவையற்ற இரட்டைகளை வெட்டினார். இந்த இரண்டு யோசனைகளும் இன்றைய ஆங்கில எழுத்தில் பெரும்பாலும் நடைமுறையில் இருக்கின்றன. ஹார்ட் ஒலியியல் வரலாற்றில் உயர்ந்தவர், மல்காஸ்டர் எழுத்து வரலாற்றில் வென்றவர். என் கணிப்பில் மல்காஸ்டருக்குக் கிடைக்க வேண்டிய பெயரில் பாதிகூடக் கிடைக்கவில்லை.

பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்த அறிவு எப்படிப் போய்ச் சேர்ந்தது? மட்டைப் பலகையில் ஒட்டிய ஒற்றைத் தாளின் மேல் மெல்லிய கொம்புத் தகடு வேய்ந்த ஏட்டுப் பலகைகள் 16ஆம் நூற்றாண்டு முதல் இங்கிலாந்தில் பரவலாக இருந்தன. அரிச்சுவடிக்குக் கீழே அவற்றில் இரண்டு பத்திகள். ஒன்றில் உயிர் முன்னும் மெய் பின்னுமான அசைகள், மற்றொன்றில் மெய் முன்னும் உயிர் பின்னுமான அசைகள். பிள்ளைகள் இரண்டையும் ராகம் போட்டுக் கத்தினார்கள். முதல் பத்தியில் மெய் வாயை அடைக்கிறது, உயிர் குறில். இரண்டாவதில் வாய் திறந்தே நிற்கிறது, உயிர் நெடில். எவரும் விதி சொல்லித் தரவில்லை, மெய்யின் இடமே பாடம் நடத்தியது. நோவா வெப்ஸ்டர் 1783இல் அமெரிக்காவில் வெளியிட்டு, பின்னர் கோடிக்கணக்கில் விற்ற நீல அட்டை எழுத்துக்கூட்டல் நூலும் இதே அசைப் பட்டியல்களில்தான் தொடங்குகிறது.

அகராதிக்காரர்கள் வேறு வழியில் போனார்கள். தாமஸ் ஷெரிடன் 1780இல் உயிரெழுத்துகளின் தலைமேல் எண் போட்டு உச்சரிப்பைக் காட்டினார். ஜான் வாக்கர் 1791இல் அதை விரிவாக்கினார். அவர் கணக்கில் விதியைக் குறிக்கும் ஃபேட்டில் வரும் 'ஏ' எழுத்துக்கு எண் 1, தொலைவைக் குறிக்கும் ஃபாருக்கு 2, விழுதலைக் குறிக்கும் ஃபாலுக்கு 3, கொழுப்பைக் குறிக்கும் ஃபேட்டுக்கு 4. தமிழ் எழுத்தில் முதலாவதும் நான்காவதும் ஒன்றாகவே வந்து விழுவதைப் பாருங்கள். ஒரே எழுத்துக்கு நான்கு எண் என்றால், குறில் நெடில் என்ற இரட்டைப் பெயர் போதவில்லை என்று வாக்கரே ஒப்புக்கொண்டதாகத்தான் பொருள். இந்த எண்கள் அகராதிக்குள்ளேயே தங்கிவிட்டன. கடிதத்திலோ நாளிதழிலோ எவரும் உயிரெழுத்துக்கு எண் போடவில்லை.

உயிரின் மேல் குறியிடும் முயற்சிகளில் மிகத் துணிவானது சுருக்கெழுத்து. ஐசக் பிட்மன் 1837இல் வெளியிட்ட முறையில் மெய்களுக்குக் கோடுகள், உயிர்களுக்குப் புள்ளிகளும் சிறு கீற்றுகளும். நெடிலுக்கு அழுத்திய புள்ளி, குறிலுக்கு மெல்லிய புள்ளி. ஆறு நெடில், ஆறு குறில். ஆங்கில எழுத்து நானூறு ஆண்டுகளாகச் செய்யத் தவறியதை இந்த முறை தாளில் செய்துகாட்டியது. தமிழ்நாட்டின் சிற்றூர்களில்கூட இருந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்களில் ஷார்ட்ஹேண்ட் படித்து, அரசின் தொழில்நுட்பத் தேர்வில் லோயர், ஹையர் எழுதி வேலைக்குப் போன தலைமுறை ஆங்கிலக் குறில்களை உண்மையில் அந்த மெல்லிய புள்ளிகளில்தான் கற்றது. ஆனால் அங்கே என்ன நடந்தது? பாடத்தின் தொடக்கத்தில் புள்ளி வைக்கச் சொல்லித் தருவார்கள். வேகம் ஏற ஏறப் புள்ளிகள் உதிரும். நிமிடத்துக்கு நூறு சொல்லைத் தாண்டினால் கோடுகள் மட்டுமே மிஞ்சும். சொல்லின் முதல் உயிர் எதுவென்று காட்ட, மெய்க்கோட்டையே வரிக்கு மேலோ, வரியிலோ, வரியை ஊடறுத்தோ எழுதுவார்கள். உயிருக்கென்றே தனிக் குறி படைத்த முறையிலும் கடைசியில் உயிரைச் சொன்னது மெய்தான்.

ஐசக்கின் பேரன் ஜேம்ஸ் பிட்மன் 1961இல் இங்கிலாந்துத் தொடக்கப் பள்ளிகளில் 44 எழுத்துகள் கொண்ட புதிய நெடுங்கணக்கைச் சோதித்தார். தொடக்கத்தில் பிள்ளைகள் வேகமாகப் படித்தார்கள், வழக்கமான எழுத்துக்குத் திரும்பும்போது பலர் தடுமாறினார்கள், 1970களில் அது ஓய்ந்தது. அதில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். குறில்களுக்குப் பழைய எழுத்துகளையே விட்டுவைத்து, நெடில்களுக்குத்தான் பிட்மன் புது வடிவம் கொடுத்தார். குறிலே அடிப்படை, நெடிலே விலகல் என்பதை அவரும் ஏற்றுக்கொண்டார்.

இங்கே ஒரு தடை எழும். பிட், பீட் இரண்டையும் சொல்லிப் பார்த்தால் பின்னது நீளமாகத்தானே இருக்கிறது, அளவே இல்லை என்று எப்படிச் சொல்லலாம்? நியாயமான கேள்வி. அளவு வேறுபாடு உண்டு, ஆனால் அதை நம்பிக் குறிலைப் பிடிக்க முடியாது. ஆங்கிலத்தில் ஓர் உயிர் எவ்வளவு நேரம் ஒலிக்கிறது என்பதை அதன் வகையைவிட அடுத்துவரும் மெய் அதிகம் தீர்மானிக்கிறது. வல்லொலியான டகரம் வந்தால் உயிர் வெட்டப்படும், மெல்லென்று அதிரும் டகரம் வந்தால் நீளும். ஏலம் கேட்பதைக் குறிக்கும் பிட்டின் குறில், அடிப்பதைக் குறிக்கும் பீட்டின் நெடில் அளவுக்கு நீள்வது சாதாரணம். கெட்டது என்று பொருள்படும் பேட் என்ற சொல்லின் 'ஏ' தென்னிங்கிலாந்து வாயில் தெளிவாகவே நீளும், ஆயினும் அது குறில் வகையில்தான் நிற்கிறது. தமிழ்க் காது அதை நெடிலாக எழுதியது அதனால்தான். வட்டாரம் வேறு குழப்பும். குளியலைக் குறிக்கும் சொல் லண்டனில் பாத், யார்க்ஷயரில் குறில். கப் என்பதை வடக்கத்தியர் 'குப்' என்பதுபோல் சொல்வார்கள், 17ஆம் நூற்றாண்டில் தெற்கில் நடந்த பிளவு வடக்கை எட்டவில்லை. காது ஊருக்கு ஊர் மாறும், எழுத்தில் மெய்யின் ஏற்பாடு எல்லா ஊருக்கும் ஒன்று.

இரண்டாவது தடை கனமானது. மெய்யைப் பார்த்தால் குறில் தெரியும் என்றால் ஹேவ், கிவ், லவ் என்பவற்றில் இறுதி 'ஈ' இருந்தும் ஏன் குறில்? ஹெட், பிரெட் என்பவற்றில் இரண்டு உயிரெழுத்து நின்றும் ஏன் குறில்? லண்டன், மண்டே, கம் ஆகியவற்றில் 'ஓ' எழுதி அகரம் ஒலிப்பது எந்த நியாயம்? இவை விதியின் ஓட்டைகள் போலத் தோன்றினாலும் ஒவ்வொன்றும் தேதி போட்ட விபத்து. ஆங்கிலச் சொல் 'வி' எழுத்தில் முடியக் கூடாது என்பது பழைய எழுத்து மரபு, 'யூ'வும் 'வி'யும் ஒரே எழுத்தின் இரு வடிவங்களாக இருந்த காலத்து வழக்கம். அந்த இடத்தில் 'ஈ' நெடிலுக்காக நிற்கவில்லை, 'வி'யைத் தாங்க நிற்கிறது. ஹெட்டும் பிரெட்டும் நெடிலாக இருந்து, எழுத்து உறைந்தபிறகு குறுகியவை. லண்டனில் 'ஓ' வந்ததற்குப் பெரும்பாலோர் தரும் விளக்கம், செங்குத்துக் கோடுகளாக எழுதப்பட்ட 'யூ', 'எம்', 'என்', 'வி' அருகருகே வந்தால் படிக்க முடியாமல் வெறும் வேலிபோல் தெரிந்தது, அதைப் பிரிக்க எழுதுகிறவர்கள் 'யூ'வுக்குப் பதில் 'ஓ' போட்டார்கள் என்பது. மகனும் சூரியனும் இன்று ஒலியில் ஒன்றாகி எழுத்தில் பிரிந்து நிற்பது இதனால்தான். காரணம் தெரிந்த விலக்குகளைக் குழுக்களாகக் கற்கலாம். விதியே இல்லை என்று கைவிரிப்பவர் அவற்றை ஒவ்வொன்றாக மனப்பாடம் செய்துகொண்டே இருக்க வேண்டியதுதான்.

எண்ணிக்கையைக் காட்டியும் இந்த விதியை மறுப்பவர்கள் உண்டு. தியோடர் கிளைமர் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1963இல் வாசிப்பு நூல்களில் சொல்லித்தரப்பட்ட 45 விதிகளைச் சொற்பட்டியலோடு ஒப்பிட்டார். ஓரசைச் சொல்லின் நடுவில் உள்ள உயிர் குறில் என்ற விதி 62 விழுக்காடுதான் தேறியது. அந்தக் கணக்கை நான் மறுக்கவில்லை. ஆனால் அவர் சோதித்த விதி உயிரின் இடத்தைத்தான் சொல்கிறது, பின்னால் வரும் மெய் எது, எத்தனை என்று கேட்கவில்லை. கார், ஃபார்ம் போல 'ஆர்' வந்து உயிரை வளைக்கும் சொற்கள், பால், ஹால் போல 'எல்' வளைக்கும் சொற்கள், கோல்ட், கைண்ட் போலப் பழைய நீட்சி தங்கிய சொற்கள் என்று பிரித்து வைத்தால், தோல்வியாக எண்ணப்பட்டவற்றில் பெரும் பகுதி தனித்தனி ஒழுங்குகளாக அமைந்துவிடும். மெய்யைக் கேட்காத விதி மெய்யாலேயே தோற்றது. இங்கிலாந்தில் 2012 முதல் ஐந்தாறு வயதுப் பிள்ளைகளுக்கு நடத்தப்படும் ஒலிப்புத் தேர்வில் 40 சொற்கள், அவற்றில் 20 பொருளற்ற போலிச் சொற்கள். பொருளையோ நினைவையோ துணைக்கழைக்க வழியில்லாத அந்தச் சொற்களில் பிள்ளை குறிலைச் சரியாகச் சொல்கிறது என்றால், எழுத்துகளின் அமைப்பைப் பார்த்தே சொல்கிறது.

தமிழ்ப் பிள்ளைக்கு ஆங்கிலம் சொல்லித்தரும் ஆசிரியர்களிடம் கேட்க வேண்டியது இதுதான். குறில், நெடில் என்று சொன்னவுடன் அந்தப் பிள்ளை மாத்திரையைத்தான் நினைக்கும், அதற்கு அந்தச் சொற்களின் பொருள் முன்பே தெரியும். எலியும் விலையும் அதன் கையில் 'ரேட்' என்ற ஒரே தமிழ் எழுத்துக் கோவையாக வருவது அதன் காதின் குற்றமில்லை. நீட்டிச் சொல், சுருக்கிச் சொல் என்று திருத்துவதை நிறுத்திவிட்டு, இரு சொற்களையும் ஆங்கில எழுத்தில் கரும்பலகையில் எழுதி, உயிருக்குப் பின்னால் என்ன நிற்கிறது என்று கேளுங்கள். கல்லெறிந்தான், காலெடுத்தான் என்று தமிழ் வகுப்பில் சொல்லித்தந்த விதியை அதே கரும்பலகையில் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள்.